சம்பாக் கதிரில் மஞ்சள் உருண்டை: இப்போது மருந்து அடிக்கலாமா?

கோரையாற்றங்கரை · டிசம்பர் 27, காலை 6:50

எல்லோருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டம். சிஆர் 1009 நெல் ரகம் போட்டிருக்கிறேன், ஆகஸ்ட் முதல் வாரம் விட்ட நாற்று. பூத்து முடிந்து பால் பிடித்துக்கொண்டிருக்கிறது. நேற்று வரப்பில் போனபோது கதிருக்கு ஒன்று இரண்டு என்று மஞ்சள் உருண்டை தெரிகிறது. சில கதிரில் ஐந்தாறு கூட. தொட்டால் கையில் பொடி ஒட்டுகிறது. தாழ்வான மா நிலத்தில் அதிகம், மேட்டுப் பக்கம் குறைவு.

அப்பா காலத்தில் இதை லட்சுமி என்பார்கள், வந்தால் அந்த வருஷம் களம் நிறையும் என்று பேச்சு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடையில் கேட்டால் உடனே அடியுங்கள் என்று இரண்டு மருந்தை எடுத்து வைக்கிறார்கள். கூலியும் சேர்த்தால் கணிசமாக வரும். அடித்தால் நிற்குமா, இல்லை போட்ட காசு போனதுதானா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாறு · டிசம்பர் 27, காலை 7:25

அண்ணே, அது நெற்பழ நோய். அடிக்காதீர்கள். கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு சமையலுக்கு ஆள் சொல்வது மாதிரி ஆகிவிடும். எங்கள் பக்கம் போன சம்பாவில் இதே கதைதான். உருண்டையைப் பார்த்துவிட்டு அடித்த வயலிலும் அடிக்காத வயலிலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

பச்சை வயல் · டிசம்பர் 27, காலை 8:10

ஒரேயடியாக அப்படிச் சொல்லிவிட முடியாது. பரவாமலாவது தடுக்கலாமே? பொடி காற்றில் பறந்து மற்ற கதிரில் ஒட்டினால் அதுவும் பழமாகும் அல்லவா? சாம்பல் நோய் எல்லாம் அப்படித்தானே பரவுகிறது.

நுண்ணோக்கி · டிசம்பர் 27, காலை 9:40

பயிர் நோயியல் படிக்கிறேன், இந்தப் பூசணத்தைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பச்சை வயல் அண்ணா கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

உஸ்டிலாஜினாய்டியா வைரென்ஸ் என்பது இதன் பெயர். இலையில் விழுந்து இலையைத் துளைத்து நுழைகிற ஜாதி அல்ல இது. குலை நோய்ப் பூசணம் இலையின் மேல்தோலை அழுத்தி ஓட்டை போட்டு உள்ளே போகும். இதற்கு அந்த வேலை தெரியாது. உமியின் இரண்டு ஓடுகளுக்கும் நடுவே இருக்கும் சிறு இடைவெளிதான் இதன் வாசல். அதுவும் கதிர் வெளியே வருவதற்கு முன்னால், கடைசி இலையான கண்ணாடி இலையின் உறைக்குள் பொதிந்து கிடக்கும்போது (தொண்டைக் கதிர் என்பது அதைத்தான்). மழைத் தண்ணீரோ பனித் தண்ணீரோ அந்த உறைக்குள் வழிந்து இறங்கும்போது பூசணத்தின் வித்துக்களும் கூட இறங்குகின்றன.

உள்ளே போனதும் நேராகச் சூலகத்துக்குப் போவதில்லை. மகரந்தத்தைத் தாங்கும் காம்பு இருக்கிறதே, அந்த இழையில்தான் முதலில் பிடிக்கிறது. அதனால் மகரந்தச் சேர்க்கை நடக்காமல் போகிறது. சேர்க்கை நடக்காத பூ பதராகத்தானே போக வேண்டும்? இங்கே அப்படி ஆகவில்லை. சூல் பிடித்துவிட்டது, மணியை நிரப்பு என்று செடி நம்பும்படி பூசணம் ஏமாற்றுகிறது. மணி நிறையும்போது வேலை செய்யும் மரபணுக்கள், கருவுறாத அந்தப் பூவிலும் வேலை செய்வதை சீன ஆய்வாளர்கள் 2015 வாக்கில் காட்டினார்கள். அரிசிக்குப் போக வேண்டிய சத்து முழுவதும் உருண்டைக்குப் போகிறது. உருண்டையை நடுவில் வெட்டிப் பார்த்தால் நசுங்கின மகரந்தப் பையும் சூல்முடியும் உள்ளேயே கிடக்கும்.

இப்போது கண்ணில் படுகிற உருண்டைக்கான தொற்று மூன்று வாரத்துக்கு முன்னாலேயே முடிந்த வேலை. பூத்து முடிந்த கதிரில் வாசல் அடைத்துவிட்டது. பக்கத்துக் கதிரில் பொடி விழுந்தாலும் பால் பிடித்த மணியைப் பழமாக்க அதனால் முடியாது.

பச்சை வயல் · டிசம்பர் 27, காலை 10:05

கதிர் வருவதற்கு முன்னாலேயே நுழைகிறது என்பது உறுதியாகத் தெரியுமா தங்கச்சி? பூக்கும்போது உமி திறக்கிற நேரத்தில் நுழைகிறது என்றுதான் நான் கேள்விப்பட்டது.

நுண்ணோக்கி · டிசம்பர் 27, காலை 10:50

ஆய்வகத்தில் இந்த நோயை வேண்டுமென்றே வரவழைக்க வேண்டுமானால் என்ன செய்கிறார்கள் தெரியுமா அண்ணா? பூத்த கதிர் மேல் தெளிப்பதில்லை. கதிர் வெளியே வர சுமார் ஒரு வாரம் இருக்கும்போது, தொண்டை பருத்த இடத்தில் ஊசியால் வித்துக் கரைசலை உறைக்குள் செலுத்துகிறார்கள். அப்புறம் செடியை ஈரமான அறையில் 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில் வைக்கிறார்கள். உருண்டை திரளாக வருவது அந்த முறையில்தான்.

அந்த வெப்பத்தையும் கவனியுங்கள். ஆய்வகத் தட்டில் வளர்த்தாலும் 28 டிகிரியைச் சுற்றித்தான் இது நன்றாக வளர்கிறது. அதுவே மிக மெதுவாக, வேறு பூசணம் ஒன்று தட்டில் விழுந்துவிட்டால் அது முந்திக்கொண்டு மூடிவிடும். 35-ஐத் தாண்டினால் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். மார்கழியில் டெல்டாவின் பகல் எப்படி? 28, 29. இரவு 21, 22. காலை எட்டு மணி வரை இலை சொட்டச் சொட்டப் பனி. அதோடு தொண்டைக் கதிர் நேரத்தில் நாலு நாள் மழை பிடித்தால் கேட்கவே வேண்டாம். வெயில் காலத்துக் குறுவையில் இது அதிகம் தலைகாட்டாததற்கும் சம்பாவில் வருவதற்கும் பெரும்பகுதி காரணம் இதுதான்.

கோரையாற்றங்கரை · டிசம்பர் 27, காலை 11:30

மழை சரியாகத்தான் பிடித்தது. டிசம்பர் முதல் வாரம் விடாத தூறல், வெயிலே இல்லை. தாழ்வான மாவில் தண்ணீர் வடியாமல் நின்றது.

தாமிரபரணி · டிசம்பர் 27, பகல் 12:15

இந்த நோய்க்கும் எங்கள் ஊருக்கும் பழைய உறவு உண்டு. உலகத்திலேயே முதன்முதலில் இதை விவரித்து எழுதியது எங்கள் திருநெல்வேலி நெல்லில் இருந்துதான். 1878-இல் இங்கிலாந்துப் பூசணவியலாளர் குக் எழுதினார். மணியைக் கரித்தூளாக்கும் கரிப்பூட்டை நோய் வகை என்று நினைத்து உஸ்டிலாகோ என்ற பேரினத்தில் சேர்த்தார். 1896-இல் ஜப்பானின் தக்காஹாஷி அதைப் பிரித்து இப்போதைய பெயரில் வைத்தார். பிசானப் பருவத்தில் இன்றைக்கும் எங்கள் பக்கம் அங்கங்கே பார்க்கலாம், ஆனால் முன்பெல்லாம் வயலுக்குப் பத்துக் கதிர், அவ்வளவுதான். யாரும் கண்டுகொண்டதே இல்லை.

நுண்ணோக்கி · டிசம்பர் 27, பகல் 1:00

குக் குழம்பியதில் தப்பே இல்லை, பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் உண்மையான கரிப்பூட்டைக்கும் இதற்கும் சொந்தமே கிடையாது. இதன் நெருங்கின உறவு கம்புப் பயிரில் வரும் தேன் ஒழுகல் நோய். இரண்டும் ஒரே குடும்பம். இரண்டுமே பூவைத்தான் பிடிக்கும், இரண்டுமே கறுப்பாக, கெட்டியாக ஒரு கட்டியை உண்டாக்கி அதற்குள் அடுத்த பருவம் வரை காத்திருக்கும், இரண்டிலும் நஞ்சு உண்டு.

சோளக் கரிப்பூட்டைக்கு விதையில் கந்தகம் கலந்தால் போதும், ஏனென்றால் அது விதையோடு வந்து செடியோடு வளர்ந்து கதிருக்குப் போகிறது. அதே நினைப்பில் நெல் விதைக்கு மருந்து கலந்துவிட்டு நெற்பழம் வராது என்று இருப்பவர்கள் நிறையப் பேர். கதிரைப் பிடிப்பது தொண்டைக் கதிர் சமயத்தில் வயலில் இருக்கும் வித்துதான். விதை நேர்த்தி மற்ற நோய்களுக்காகச் செய்ய வேண்டியது. இதற்கு அதை மட்டும் நம்ப முடியாது.

வெண்ணாறு · டிசம்பர் 27, பகல் 1:30

அப்படியானால் தொண்டைக் கதிர் வரும் வரை அது எங்கே இருக்கிறது? சம்பா அறுத்து ஆகஸ்ட் வரைக்கும் வயலில் நெல்லே இல்லையே. சித்திரை வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது.

நுண்ணோக்கி · டிசம்பர் 27, பகல் 3:20

இந்தப் பூசணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உருண்டை முதலில் உமிக்கு நடுவில் வெள்ளையாக எட்டிப்பார்க்கும், மேலே மெல்லிய சவ்வு மூடியிருக்கும். பெரிதாகி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வரும்போது சவ்வு கிழியும். ஆரஞ்சு கலந்த மஞ்சள், அப்புறம் மஞ்சள் பச்சை, கடைசியில் கரும்பச்சை. நிறம் மாறுவது வித்து முதிர்வதைக் காட்டுகிறது. குறுக்கே வெட்டினால் வெளியே கரும்பச்சை, அதற்குள் ஆரஞ்சு, அதற்குள் மஞ்சள், நடுவில் வெள்ளை இழை என்று அடுக்காகத் தெரியும்.

அந்தப் பொடி முழுவதும் தடித்த சுவருள்ள, மேலே மருமருவாக இருக்கும் வித்துக்கள். அவை காற்றில் நாம் நினைக்கிற அளவுக்குப் பறப்பதில்லை, கொஞ்சம் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அறுவடை இயந்திரம் அடிக்கும்போதுதான் புகையாகக் கிளம்பி மண்ணிலும் வைக்கோலிலும் நல்ல நெல்லின் மேலும் படிகிறது. இந்த வித்து சில மாதங்கள் தாங்கும். மஞ்சளாக இருக்கும்போது நன்றாக முளைக்கிறது, கறுத்த பிறகு முளைப்பு குறைந்துவிடுகிறது.

வருஷத்தைத் தாண்டுவதற்கு இன்னொரு ஏற்பாடு வைத்திருக்கிறது. பருவத்தின் கடைசியில், இரவுக் குளிர் கூடும்போது, சில உருண்டைகளின் மேல் கறுப்பாகத் தட்டையான கெட்டிக் கட்டி உண்டாகும். ஒரு உருண்டையில் ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் இருக்கலாம். சுலபமாகக் கழன்று கீழே விழுந்துவிடும், கதிரில் தேடினால் கிடைக்காது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் அது மண்ணில் உயிரோடு கிடக்கும். அடுத்த பயிருக்குத் தண்ணீர் நிற்கும் காலத்தில் ஈரமும் மிதமான வெப்பமும் கிடைத்ததும் அதிலிருந்து சின்னதாகக் காம்பும் தலையும் முளைத்து, நூல் மாதிரி வித்துக்களைக் காற்றில் விடும். பயிர் தொண்டைக்கு வரும் சமயமும் அதுவாக அமைந்துவிட்டால் வாசல் திறந்து கிடக்கிறது.

இதற்கு இடையிலும் சும்மா இருப்பதில்லை. வரப்பிலும் வாய்க்காலிலும் இருக்கும் குதிரைவாலிப் புல்லில் இது பிடிக்கும். நோய் பிடிக்காத செடியின் இலைமேல்கூட, உள்ளே நுழையாமல், ஈரத்தில் முளைத்துச் சிறு வித்துக்களை உண்டாக்கிப் பெருகும் என்று பார்த்திருக்கிறார்கள். இலையில் புள்ளி ஒன்றும் தெரியாது. வயல் பச்சைப்பசேல் என்று இருக்கும்போதே மேலே அது தயாராகிக்கொண்டிருக்கும்.

2014-இல் இதன் மரபணுத் தொகுப்பு முழுவதையும் படித்தார்கள். சுமார் 8,400 மரபணு. மற்ற பயிர்ப் பூசணங்களோடு ஒப்பிட்டால் செடிச் சுவரைக் கரைக்கும் நொதிகள் இதனிடம் மிகக் குறைவு. இலையைத் துளைக்கத் தெரியாமல் பூவையே நம்பியிருக்கும் ஆளுக்கு அது போதும்.

வெண்ணாறு · டிசம்பர் 27, மாலை 4:00

கட்டி கீழே விழுந்து மண்மேல் கிடக்கும் என்றால் நமக்குத்தான் சிக்கல். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நின்ற பயிரிலேயே உளுந்து தெளித்துவிடுகிறோம். உழவே கிடையாது. விழுந்தது விழுந்த இடத்தில் கிடக்கும்.

நுண்ணோக்கி · டிசம்பர் 27, மாலை 4:25

உளுந்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன், அந்த வருமானம் வேறு எதிலும் வராது. உளுந்து எடுத்த கையோடு கோடை உழவு ஆழமாகப் போட்டுவிடுங்கள். ஆழத்தில் புதைந்த கட்டி முளைத்தாலும் தலை மேலே வர முடியாது.

இயற்கை வழி · டிசம்பர் 27, மாலை 5:10

இவ்வளவு சுற்ற வேண்டாம். நான் மாப்பிள்ளைச் சம்பா போடுகிறேன், யூரியா கண்ணில் காட்டுவதில்லை, சாணமும் கோமியமும் கரைத்த ஜீவாமிர்தம் மட்டும்தான். ஒரு உருண்டை இல்லை. இதெல்லாம் ஒட்டு ரகமும் உரமும் கொண்டுவந்த வியாதி.

தாமிரபரணி · டிசம்பர் 27, மாலை 5:40

ஐயா, 1878-இல் திருநெல்வேலியில் யார் யூரியா போட்டார்கள்?

நுண்ணோக்கி · டிசம்பர் 27, மாலை 6:15

இருவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. நோய் பழையது, நாட்டு ரகத்திலும் வரும். ஆனால் பத்துக் கதிரில் இருந்தது வயல் முழுக்க வருகிற அளவுக்குப் பெருகியது பிற்காலத்தில்தான், அதில் யூரியா தரும் தழைச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தழைச்சத்து மிஞ்சிய பயிர் அடர்ந்து நிற்கும், உள்ளே ஈரம் உலராது, பூக்கும் காலமும் நீளும். மேலுரத்தைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் போட்டால் இன்னும் மோசம். வீரிய ஒட்டு ரகங்களில் அதிகம் வருவதும் பல இடங்களில் பார்த்ததுதான். உங்கள் வயலில் வராமல் இருப்பதற்கு ஜீவாமிர்தத்தைவிட, யூரியா போடாததும் பயிர் நெருக்கமில்லாமல் நிற்பதும் பூக்கும் தேதி மாறுவதும் காரணமாக இருக்கலாம் என்பது என் கணக்கு. பழைய லட்சுமி நம்பிக்கைகூட அப்படி வந்ததுதானே. நல்ல மழை, கொழுத்த பயிர் இருக்கும் வருஷத்தில் இதுவும் வந்தது, நெல்லும் விளைந்தது.

கோரையாற்றங்கரை · டிசம்பர் 27, இரவு 7:30

தண்ணீர் நின்று பயிர் மஞ்சளடித்தது, யூரியா போடாமல் என்ன செய்வது? தொண்டை உருளும் நேரத்தில் ஒரு தடவை போட்டேன். போடாவிட்டால் கதிரே சிறுத்திருக்கும். இதைக் குற்றம் மாதிரிச் சொன்னால் எப்படி.

நுண்ணோக்கி · டிசம்பர் 27, இரவு 8:00

குற்றம் சொல்லவில்லை அண்ணா. தண்ணீர் நின்ற பயிருக்கு அது தேவைதான். அளவு தெரிய இலை வண்ண அட்டையை (எண் போட்ட பச்சைப் பட்டைகள் உள்ள அட்டை) இலையோடு வைத்துப் பாருங்கள். நடவு செய்த பெரும்பாலான ரகங்களுக்கு எண் 4, வெள்ளைப் பொன்னிக்கும் நேரடி விதைப்புக்கும் 3. அதற்குக் கீழே போனால் மட்டும் போடலாம்.

பச்சை வயல் · டிசம்பர் 27, இரவு 8:20

சரி, அவர் சம்பாவுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை. அறுத்த நெல்லை என்ன செய்வது? கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்களா? வைக்கோலை மாட்டுக்குப் போடலாமா?

வெண்ணாறு · டிசம்பர் 27, இரவு 8:45

எடுப்பார்கள், ஆனால் பச்சைப் பொடி படிந்து நெல் நிறம் மாறியிருந்தால் வாதாட வேண்டிவரும். சேதமான, நிறம் மாறின மணி எல்லாம் சேர்த்து 5 சதவீதம்தான் விதியில் இருக்கிறது. ஈரப்பதம் 17. காலைப் பனியில் அறுக்காதீர்கள், பொடி அப்படியே நெல்லில் அப்பிக்கொள்ளும். வெயில் ஏறி நன்றாக உலர்ந்த பிறகு அறுத்து, ஒருமுறை தூற்றிவிட்டால் உருண்டை எடை குறைவு, பதரோடு போய்விடும். இயந்திரக்காரரிடம் நல்ல வயலை முதலில் அறுக்கச் சொல்லுங்கள், இதைக் கடைசியில். ஆட்கள் மூக்கில் துண்டு கட்டிக்கொள்ளட்டும், மூச்சுக்கு நல்லதில்லை.

எல்லா உருண்டைக்கும் கணக்குப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். உருண்டை ஆன மணி போனது போனதுதான், அதே கதிரில் பக்கத்து மணிகள் பதராவதும் அரைகுறையாக நிரம்பிக் கருக்காயாவதும்தான் எடையைக் குறைக்கிறது.

நுண்ணோக்கி · டிசம்பர் 27, இரவு 9:10

மாட்டு விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். உருண்டைக்குள் உஸ்டிலாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. ஜப்பானில் 1990-களில் பிரித்தெடுத்தார்கள். செல் பிரிவதைத் தடுக்கும் வகை, விலங்குச் சோதனையில் ஈரலைப் பாதித்தது. வைக்கோலை உதறிக் காயவைத்துப் போடுங்கள். தூற்றும்போது விழுந்த பதரையும் உருண்டையையும் மாட்டுக்கோ கோழிக்கோ கொட்டாதீர்கள், வரப்பிலும் விடாதீர்கள். ஒரு குழியில் போட்டு எரித்துவிடலாம்.

இந்த வயலில் விதைக்கு எடுக்க வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரில் போட்டு மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவிக் காயவையுங்கள். அது மேலே ஒட்டியிருப்பதைக் குறைக்கும், அவ்வளவுதான்.

கோரையாற்றங்கரை · டிசம்பர் 28, காலை 6:30

எல்லோருக்கும் நன்றி. இன்னொன்று கேட்க வேண்டும். வடக்குப் பக்கம் தாளடியில் (குறுவை அறுத்த வயலில் போடும் இரண்டாம் போகம்) ஆடுதுறை 39 ரகம் இருக்கிறது, அக்டோபர் முதல் வாரத்து விதை. இப்போதுதான் கண்ணாடி இலை விரிந்து தொண்டை பருத்திருக்கிறது. ஒரு குறையும் இல்லை, பார்க்கவே அழகாக இருக்கிறது. அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

நுண்ணோக்கி · டிசம்பர் 28, காலை 7:15

அண்ணா, நீங்கள் மருந்து அடிக்க வேண்டிய வயல் அதுதான்!

புரோபிகோனசோல் 25 இசி என்ற பூசணக்கொல்லி ஏக்கருக்கு 200 மில்லி, 200 லிட்டர் தண்ணீரில். அதாவது லிட்டருக்கு ஒரு மில்லி. இப்போது ஒரு தடவை, பாதிக் கதிர் பூத்திருக்கும்போது இன்னொரு தடவை. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையும் இதுதான். அதற்குப் பதிலாகத் தாமிர ஹைட்ராக்சைடு 77 டபிள்யூபி ஏக்கருக்கு 500 கிராம் என்றும் சொல்கிறார்கள். தாமிர மருந்து சில ரகத்தில் இலையைக் கருக்கும் என்பதால் நானாக இருந்தால் முதலாவதையே எடுப்பேன். இரண்டையும் ஒரே டேங்கில் கலக்க வேண்டாம்.

இரண்டாவது தடவை மாலை நான்கு மணிக்கு மேல் அடியுங்கள். நெல் பூ காலை ஒன்பதிலிருந்து நடுப்பகலுக்குள் திறந்து மூடிவிடும், அந்த நேரத்தில் தெளித்தால் மகரந்தம் கெடும்.

பச்சை வயல் · டிசம்பர் 28, காலை 7:40

செலவு மிச்சம் பிடிக்க ஒரு தடவை மட்டும் அடித்தால்?

நுண்ணோக்கி · டிசம்பர் 28, காலை 7:55

ஒன்றுதான் முடியும் என்றால் தொண்டைக் கதிரில். பூவுக்குப் பிந்திப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

வெண்ணாறு · டிசம்பர் 28, காலை 8:20

மழை எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. வங்கக்கடலில் ஏதோ உருவாவதாகச் செய்தியில் சொன்னான். வருவதற்கு முன்னால் அடித்துக் காய்ந்துவிட்டால் நல்லது. தாளடிக்கு மேலுரம் இன்னும் பாக்கியா?

கோரையாற்றங்கரை · டிசம்பர் 28, காலை 8:35

கடைசி மேலுரம் பாக்கி. அட்டை வைத்துப் பார்த்தேன், நாலுக்கு மேலே இருக்கிறது. போடவில்லை. மருந்துக்கு ஆள் சொல்லிவிட்டேன், இன்று பனி உலர்ந்ததும் ஆரம்பிக்கிறார்கள். கடையில் சம்பாவுக்கு எடுத்து வைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இதை வாங்கி வருகிறேன்.